உன் பெயரில் இல்லாத பன்னிரண்டு ஆண்டுகள்

மகனே வசந்தா,

அடுத்த புதன்கிழமை உனக்குத் திருமணம். அதற்கு முன்பே, இன்று காலை, உன்னை நான் கொடுத்துவிட்டேன். தொலைபேசியில். ஆறு எண்களாக. நீ அப்போது வாசலில் பந்தல்காரரோடு அளவு பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகும் மேகலாவைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மாமியார்களுக்கென்று ஊர் ஒதுக்கிவைத்திருக்கும் பொறாமை. உன் அம்மாவுக்கு அது இல்லை. அவள் மேகலாவோடு பொன்னேரிக்குப் போய் ரவிக்கைத் துணி எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பேருந்திலிருந்து இறங்குகிறாள். எனக்குத்தான் இருக்கிறது. நெஞ்சில் இல்லை, தொண்டையில். சோறு இறங்கும் இடத்தில்.

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதலாமா என்று முந்தாநாள் உன்னைக் கேட்டேன். உன் உடம்பைப் பற்றிப் பேச உன்னிடம் நான் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. நீ தட்டிலிருந்து தலை தூக்காமல், "எழுது நைனா. பேர மட்டும் மாத்திடு. அதான் உனக்கு நல்லா வருமே" என்றாய். உன் அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பெயர்களை மாற்றிவிட்டேன்.

உனக்குப் பதினொரு வயது. ஏரியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்த நாள். பள்ளிவிட்டு வந்து, சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் கரையில் இருந்தேன். நீ குனிந்தாய். நிமிரவில்லை. உனக்குப் பெரிய இறால் மாட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எத்தனை நொடி நீடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு ஓடினேன். தூக்கியபோது உன் பற்கள் கிட்டியிருந்தன, வாயோரம் சேறு, ஒரு கை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. மறு கையில் இரண்டு இறால். விடவில்லை.

பொன்னேரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போகச் சொன்னார்கள். போகும் வழியில் திருப்பாலைவனத்தில் இறங்கினோம், நினைவிருக்கிறதா? பெரியப்பா வீட்டில் உனக்குக் கலர் வாங்கிக் கொடுத்தார்கள். நீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் என் அண்ணனிடம் அவன் மகன் தேசிங்குவின் அடையாள அட்டையைக் கேட்டேன். உன் வயதுதான் தேசிங்குவுக்கும். அண்ணன் கேள்வியே கேட்கவில்லை. "பேருதானடா. எட்த்துகினு போ. அவனுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது" என்றான். சென்னை மருத்துவமனையின் சீட்டு கொடுக்கும் ஜன்னலில், நமக்கு முன்னால் பக்கத்துக் குப்பத்துப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே நான் உரக்கச் சொன்னேன். "பேரு தேசிங்கு. எங்க அண்ணன் பையன்." நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். நான் உன் கையை அழுத்தினேன். அந்த அழுத்தத்தின் பொருள் உனக்கு உடனே புரிந்தது. பதினொரு வயதில்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதைக் குப்பத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக விளக்க வேண்டும். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. அதைப் பாடு என்போம். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனுக்கும் அதில் ஒரு பெயர். அந்த வரிசையை எழுதுகிறவன் நான். சென்னையில் தத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்தவனுக்கு ஊர் கொடுத்த வேலை. உனக்கு வலிப்பு வருவதற்கு முந்தைய ஆண்டு எல்லப்பனுக்குப் படகில் வலிப்பு வந்தது. கூட்டத்தில் அவன் பெயரை எடுக்கச் சொன்னார்கள். நான்தான் கோடு போட்டேன். ஸ்கேல் வைத்து. மை காயும்வரை ஊதினேன். எல்லப்பன் எதிரில் உட்கார்ந்து நான் ஊதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் உன் பெயர் நோயோடு சேரக்கூடாது என்று முடிவு செய்தேன். தேசிங்கு ஏரியை விட்டுத் தள்ளித் திருப்பாலைவனத்தில் வளர்பவன், தண்ணீருக்கு வரப்போவதில்லை, அவனுக்கு வரிசை தேவையில்லை. நான் நினைத்தது அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. பாடு வரிசையில் பெயர் ஒன்று, ஆள் ஒன்று. உடம்பு முடியாதவனின் முறைக்கு அவன் பங்காளி போய் நிற்பான். மீன் பெயருக்குரியவன் வீட்டுக்குப் போகும். அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. என் கால் கெட்டபின் என் முறைக்கு நீதான் போகிறாய், என் பெயரில். மருத்துவமனையும் அப்படி ஒரு வரிசைதான் என்று எண்ணிவிட்டேன். தேசிங்குவின் பெயரில் நீ போய் நின்றாய். மருந்து உன் வீட்டுக்கு வந்தது. உடம்புக்குப் பங்காளி கிடையாது என்பது தத்துவம் படித்த எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. காலைப் பேருந்து, பிறகு ரயில், பிறகு நீண்ட வரிசை. தேசிங்கு என்று எழுதிய நோட்டை நீட்டி உன் மாத்திரைகளை வாங்குவேன். முதலில் உன்னோடு. வளர்ந்தபின் தனியாக. மாத்திரைகளைச் சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில் வைத்து எடுத்து வருவேன். உன் அம்மாவுக்குத் தெரியும், பேசமாட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன, வசந்தா. எழுத வெட்கமாக இருக்கிறது. உன்னைப் பற்றி உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வருவேன். மருந்தைக் கொண்டுவருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நான் கொண்டுவந்தது சாவி.

அந்தச் சாவி உன்னை ஒருமுறை குத்தியிருக்கிறது. உனக்கு இருபது வயதில் கெளிற்றுமீனின் முள் காலில் ஏறிச் சீழ் பிடித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உன் சொந்தப் பெயரில் காட்டினோம். கணினியில் உன் பக்கம் வெள்ளையாக இருந்தது. மருத்துவர் கேட்டார், வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று. நீ வாயைத் திறந்தாய். நான் உன் கையை அழுத்தினேன். அவர் கொடுத்த மருந்து வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாதது. அன்று மாலையே வலிப்பு வந்தது. அடுப்பருகே விழுந்தாய். உன் முழங்கையில் இருக்கும் தழும்பு அது. "எண்ணெ பட்டுச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறாய். என் பொய்யை நீ எவ்வளவு ஒழுங்காகக் காத்திருக்கிறாய்.

இனி எழுதப்போவது குப்பத்தாருக்கும் சேர்த்து. எல்லோருடைய சுகாதார விவரங்களையும் கணினியில் ஏற்ற முகாம் போட்டபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைபேசி எண் கேட்டார்கள். தண்ணீருக்குப் போகிறவன் தொலைபேசியை நம்பி என்ன செய்வான். ஒருவர் பின் ஒருவராக, "அவரு நம்பரு போடும்மா, அவுருதான் எப்பவும் கரையில கீறாரு" என்று என்னைக் கைகாட்டினார்கள். ஏறக்குறைய குப்பத்தின் பாதி என் எண்ணில் ஏறியது. யார் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அவர் பதிவைத் திறக்கும் ஆறு எண்கள் எனக்குச் செய்தியாக வரும். நான் கூப்பிட்டுச் சொல்வேன். முதலில் அவ்வளவுதான் செய்தேன். பிறகு ஒரு மத்தியானம், சும்மா, ஒருவருடைய பக்கத்தைத் திறந்தேன். பிறகு இன்னொருவர். யாருக்குச் சர்க்கரை. யார் சளிப் பரிசோதனை செய்துவிட்டு மனைவியிடம் மறைத்திருக்கிறார். யாருக்குக் குழந்தை ஏன் தங்கவில்லை. யாரிடமும் நான் எதையும் சொன்னதில்லை. இதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். ஆனால் எதிரில் வரும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அவர்களுக்குத் தெரியாமல் எனக்குத் தெரியும் என்கிற பார்வை. அது திருட்டு. திருடிய பொருளை விற்கவில்லை என்பதால் திருட்டு இல்லாமல் போகாது. என்னை மன்னியுங்கள். இந்த வாரமே எல்லோரும் உங்கள் வீட்டில் இருக்கும் ஓர் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எப்படி என்று மேகலா சொல்லித்தருவாள்.

மேகலா ஆரம்பாக்கத்திலிருந்து சுகாதார நிலைய வேலைக்கு வந்தவள். பை நிறையப் பழைய சீட்டுகளோடு வருகிறவர்களை உட்கார வைத்து, நான்கு மருத்துவமனைகளில் நான்காகக் கிடக்கும் ஒருவரை ஓர் ஆளாகச் சேர்ப்பது அவள் வேலை. நம் வீட்டுக்கும் அதற்காகத்தான் முதலில் வந்தாள். நீ அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பிடிக்காமல் போனது வேறொன்று. ஒவ்வொரு பக்கத்தையும் திறப்பதற்கு முன் அவள், "பாக்கலாங்களா?" என்று கேட்டாள். உன் அம்மாவிடம் கேட்டாள். உன்னிடம் கேட்டாள். அந்த ஒரு சொல்லை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்காமலே இத்தனை பேரைத் தெரிந்து வைத்திருந்தவனுக்கு, கேட்டுத் தெரிந்துகொள்கிற ஒருத்தியைப் பார்த்தால் எப்படி இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன் தேசிங்கு அவளிடம் போனான். அவனுக்குப் பள்ளிக்கூட வண்டி ஓட்டும் வேலை கிடைக்கவிருந்தது. உடல்தகுதிச் சான்றுக்காக அவன் கைரேகை வைத்துப் பழைய விவரங்களைத் திறந்தார்கள். பன்னிரண்டு ஆண்டு வலிப்பு திரையில் வந்தது. மாதம் தவறாமல் மாத்திரை வாங்கியிருக்கிறான். நடந்ததை அவனே என்னிடம் சொன்னான்.

"எனக்குத் தலவலிகூட வந்ததில்லமா, மிஷின்ல இன்னாவோ பேஜாரு, நல்லா பாருன்னேன். அந்தப் பொண்ணு பாத்துகினே இருந்துச்சு. அப்புறம் கம்ப்யூட்டர மூடிட்டு, ரெண்டு நாள் டைம் குடுங்கண்ணான்னுச்சு. வேற ஒன்னுமே சொல்லல சித்தப்பா."

அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பதிவோடு சேர்ந்திருந்த தொலைபேசி எண்ணை. என் எண். தேசிங்குவிடம் அவள் உன் பெயரைச் சொல்லவில்லை. என்னிடம் வரவில்லை. உன்னிடம் கேட்டாள். சுகாதார நிலையத்தின் பின்படியில் நீங்கள் இருவரும் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். உன் கையில் தேநீர்க் குவளை. நீ பேசினாய். குவளை காலியாவதற்குள் சொல்லி முடித்துவிட்டாய். பன்னிரண்டு ஆண்டு, ஒரு குவளைத் தேநீர். அவள் எழுந்து போய்விடுவாள் என்று நான் காத்திருந்தேன். போய்விட வேண்டும் என்றும் காத்திருந்தேன். அதையும் எழுதுகிறேன். ஏனென்றால் நான் உனக்குச் சொல்லி வளர்த்தது அதுதான், தெரிந்தால் யாரும் நிற்க மாட்டார்கள் என்று. அவள் எழுந்தாள். உன் குவளையை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அன்றே நீ கைரேகை வைத்து உன் பதிவை உன் எண்ணுக்கு மாற்றிக்கொண்டாய். மாலையில் வழக்கம்போலத் திறந்து பார்த்தேன். இந்த எண் இணைக்கப்படவில்லை என்றது. மூன்று முறை முயன்றேன். பெற்றவன் என்று தட்டச்சு செய்ய அதில் இடமில்லை.

மறுநாள் மேகலா ஒரு தாளோடு வந்தாள். நான் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவள் உட்காரவில்லை.

"மாமா, இதுல உங்க கையெழுத்து வேணும். அப்போ காட்டினது தேசிங்கு அண்ணன் இல்ல, இவருன்னு."

"எழுதிட்டா ஊருக்குத் தெரிஞ்சிடும்."

"ஊருக்கு நான் சொல்ல மாட்டேன். சொல்லலாமா வேணாமான்னு இவருதான் முடிவு பண்ணணும். ஆனா டாக்டருக்குத் தெரியணும். கூட வலைக்குப் போற ரெண்டு பேருக்குத் தெரியணும். தண்ணியில வந்துச்சுன்னா அவங்க இன்னா பண்ணுவாங்க, பாவம்."

"பன்னெண்டு வருசமா நான் பாத்துகினேன்மா."

"நீங்க கரையில இருந்து பாத்தீங்க மாமா."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நான் பூட்டத் தெரிந்தவன். யாருக்குத் திறப்பது, யாருக்குத் திறக்காமல் இருப்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. உன் பெயரைப் பாடு வரிசையில் எழுத மாட்டார்களே என்ற பயம்தான் காரணம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், "உங்களுக்கு அந்தச் செவ்வாக்கெழம போயிடும், அதான்" என்றாள். பன்னிரண்டு ஆண்டாகப் பேசாதவள்.

அதற்குள் தன் அப்பாவிடம் கேட்டு எல்லாம் தெரிந்துகொண்டிருந்த தேசிங்கு, இந்தத் திங்கட்கிழமை வந்து வண்டியிலிருந்து இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசினான். "வெள்ளிக்கெழம டெஸ்டு சித்தப்பா. இது போவலன்னா ஸ்கூல் வண்டி சாவி வேற எவன் கைக்காவது போயிடும். எம்பேர்ல பன்னெண்டு வருசம் மாத்திர துன்னான், நான் ஒன்னும் கேக்கல. கசக்குமேன்னு சக்கரகூட அனுப்பியிருப்பேன், சொல்லியிருந்தா." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "வூட்டுல மூணு மாசம், சித்தப்பா. வேல வேணும்."

அவன் போனபின் நான் எல்லப்பனைப் பார்க்கப் போனேன். ஏலம் முடிந்த இடத்தில் நண்டு வலையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சொன்னேன். எல்லாவற்றையும். பிய்ப்பதை நிறுத்தாமல் கேட்டான்.

"உம் புள்ளைக்கு வந்தா மாத்திர. எனக்கு வந்தா கோடு."

"ஆமா."

"ஊதி ஊதி காய வெச்ச."

"ஆமா எல்லப்பா."

"எந்த ஆஸ்பத்திரின்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. நானும் போயிருப்பேன்ல."

இதை நான் நினைத்தே பார்த்ததில்லை. பெயரை மறைப்பதில் இருந்த மும்முரத்தில், வைத்தியம் இருக்கிறது என்பதையும் மறைத்துவிட்டேன். எல்லப்பன் இன்னமும் மாத்திரை சாப்பிடவில்லை. இன்னமும் அவனுக்கு வருகிறது. அவன் நெற்றியில் இரண்டு தையல் தழும்பு.

அங்கேயே, ஏலத் தரையில் உட்கார்ந்து, தாளில் கையெழுத்துப் போட்டேன்.

உனக்குச் சொல்ல அறிவுரை என்று என்னிடம் அதிகம் இல்லை. ஒரு வேளை மாத்திரையையும் தவறவிடாதே. படகில் கூட வரும் இருவரிடமும் நீயே சொல். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க, முகத்தைத் தண்ணீருக்கு மேல் பிடிக்க, வாயில் எதையும் திணிக்காமல் இருக்கக் கற்றுக்கொடு. மருத்துவர் தண்ணீர் வேலையே வேண்டாம் என்றால் அதைக் கேள், என் பெயருக்காகப் போகாதே. உனக்குப் பிறக்கும் குழந்தையின் கையை, பேசாதே என்பதற்காக ஒருபோதும் அழுத்தாதே. மேகலாவின் பக்கத்தை அவளைக் கேட்காமல் திறக்காதே. அவள் தூங்கும்போது அவள் தொலைபேசி உன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அப்போதும். அந்த ஆசை எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். சும்மா என்றுதான் தொடங்கும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நீயே எழுந்து சொல்லப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். சொல். நான் அன்று இரண்டு பெயர்களை எழுதுவேன். எல்லப்பனுடையதை முதலில், உன்னுடையதை அடுத்து. உங்களால் போக முடியாத நாளில் பங்காளி போகட்டும், முறை இருக்கிறதே. ஊர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படியானால் கோடு போட வேறு ஒரு கையைத் தேடிக்கொள்ளட்டும்.

இன்று காலை மேகலா கூப்பிட்டாள். கையெழுத்துத் தாள் மேலே போய், தேசிங்குவின் பதிவிலிருந்து அந்தப் பன்னிரண்டு ஆண்டையும் எடுத்து உன் பதிவில் வைக்க அனுமதி வந்துவிட்டதாம். நாளைக்குள் முடிந்தால்தான் தேசிங்குவுக்கு ஆகும். கடைசியாக ஒன்று பாக்கி. பழைய எண்ணுக்கு, என் எண்ணுக்கு, ஒரு செய்தி வரும். அதை அவளிடம் சொல்ல வேண்டும்.

"வந்துச்சா மாமா?"

வந்திருந்தது. ஆறு எண்கள். திரையில் பார்த்துக்கொண்டே, "இல்லியே" என்றேன்.

பத்து நிமிடம் அது உயிரோடு இருக்கும். அவள் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் சுகாதார நிலையத்தில் ஒரு குழந்தை அழுதது, யாரோ ஊசி என்று பயமுறுத்தினார்கள். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருக்கும் இப்போது. பத்து நிமிடம் போயிற்று.

"செத்துப்போச்சு மாமா. இன்னொரு தடவ அனுப்பறேன்." அவளுக்குத் தெரிந்திருந்தது. குரலில் எதுவும் இல்லை. பிறகு, கொஞ்சம் இறங்கி, "சொல்லலாங்களா?" என்றாள்.

என்னிடம் கேட்டாள். என்னிடமும்.

இரண்டாவது செய்தி வந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொன்னாள். ஏழு. ஏழு. மூன்று. மூன்று. ஒன்று. ஒன்று. எட்டு. எட்டு. பூஜ்யம். பூஜ்யம். வாசலில் நீ பந்தல்காரரிடம், "இன்னும் ரெண்டடி தள்ளுண்ணா" என்றாய். உன் முழங்கையில் வெயில் பட்டது.

"இன்னும் ஒன்னு கீது மாமா."

கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

சொன்னேன்.